தெருவில் தேன் விற்ற மெலேரோக்கள்: ஸ்பெயினின் தேன் வியாபாரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலேரோ என்பவர் யார்?

தேனைப் பானையில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போய் விற்ற ஸ்பெயின் நாட்டு வியாபாரி. தேனீ வளர்ப்பது வேறு தொழில். சிலர் இரண்டையும் செய்தார்கள் என்றாலும், மெலேரோவின் உண்மையான முதலீடு அவருடைய கால்களும் குரலும்தான்.

பழைய மாட்ரிட்டில் தெருத் தொழில்கள் ஊர்வாரியாகப் பிரிந்து கிடந்தன. வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர்களில் அஸ்தூரியாஸ்காரர்கள் அதிகம். கத்திக்குச் சாணை பிடிப்பவர் கலீசியாவின் ஒரென்சேயிலிருந்து வருவார். ஒர்ச்சாத்தா என்ற கோரைக்கிழங்குப் பால் விற்றவர் வலென்சியாக்காரர். தேன் என்றால் அல்கர்ரியாக்காரர். ஆளின் உடையைப் பார்த்தே எந்த ஊர், என்ன சரக்கு என்று சொல்லிவிடலாம். ஊர்ப்பெயரே சரக்குக்கு உத்தரவாதமாக இருந்த காலம் அது. மெலேரோவின் கதை முழுக்க இந்த ஊர்ப்பெயரைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அல்கர்ரியா எங்கே இருக்கிறது? அங்கே தேனுக்கு என்ன விசேஷம்?

மாட்ரிட்டுக்குக் கிழக்கே, குவாதலஹாரா, குவென்கா மாகாணங்களில் விரியும் மேட்டு நிலம். கொஞ்சம் மாட்ரிட் மாகாணத்துக்குள்ளும் நீளும். மேலே தட்டையான சுண்ணாம்புக் கல் பரப்பு, நடுநடுவே ஆறுகள் அறுத்துப்போட்ட பள்ளத்தாக்குகள். குளிர் கடுமை, கோடை வறட்சி. கோதுமைக்குக்கூட அரைமனதோடு இடம் கொடுக்கும் மண். ஆனால் ரோஸ்மேரி, லாவெண்டர், தைம் போன்ற மணச்செடிகள் யாரும் நடாமலேயே சரிவுகளில் மண்டிக் கிடக்கும். விவசாயிக்கு ஏமாற்றம் தந்த நிலம் தேனீக்கு விருந்து வைத்தது.

இரண்டு தேன்கள் இங்கே பேர்போனவை. ரோஸ்மேரி குளிர் முடியும் வேளையில் பூக்கும். அந்தத் தேன் வெளிறிய நிறம், மென்மையான மணம், உறைந்தால் வெண்ணெய் போல வழுவழுப்பாக இருக்கும். காட்டு லாவெண்டர் ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். அதன் தேன் நிறத்திலும் மணத்திலும் ஒருபடி அழுத்தம். பல பூக்கள் கலந்த தேனும் உண்டு.

இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கப் போகும் பிரிவேகா ஊரின் ஊதா வயல்கள் வேறு. அவை 1960களுக்குப் பிறகு வாசனைத் தொழிலுக்காக வரிசை வரிசையாகப் பயிரிடப்பட்டவை. மெலேரோக்களின் காலத்தில் செடிகள் அப்படி அணிவகுத்து நிற்கவில்லை.

எல்லா மெலேரோக்களும் ஒரே ஊர்க்காரர்களா?

இல்லை. ஆனால் ஒரு கிராமத்தின் பெயர் மட்டும் தனியாக ஒலிக்கும்: பென்யல்வேர். குவாதலஹாரா மாகாணத்தில் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். இன்று அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். இந்த ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன் விற்கப் போனார்கள். அப்பா போன பாதையில் மகன், மாமா பிடித்து வைத்த தெருவில் மருமகன் என்று தொழில் குடும்பத்துக்குள் சுற்றியது. ஊரில் மெலேரோவுக்குச் சிலையே இருக்கிறது. அரசனுக்கும் தளபதிக்கும் சிலை வைப்பது வழக்கமான சங்கதி. தெருவில் கூவி விற்றவருக்கு வைத்த ஊர்கள் அதிகம் இல்லை.

ஏன் இந்த ஊர்? காரணம் எளிமையானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. நிலம் போதவில்லை. குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. கையில் எடுத்துப் போய்க் காசாக்கக்கூடிய, கெட்டுப்போகாத ஒரே சரக்கு தேன். பக்கத்திலேயே பெரிய தலைநகரம். இவ்வளவும் சேர்ந்தால் யாராவது கிளம்பத்தானே செய்வார்கள்?

எப்படி இருப்பார்? என்னென்ன எடுத்துக்கொண்டு வருவார்?

முழங்காலுக்குச் சற்று மேல்வரை தொங்கும் கருநிறத் தளர்சட்டை, கார்டுராய் கால்சட்டை, தலையில் வட்டத் தொப்பி. தோளில் முன்னும் பின்னும் தொங்கும் இரட்டைப் பை. கையில் தேன் பாத்திரம், அதோடு எடைக்கோல்.

இந்த எடைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் அதற்கு ரொமானா என்று பெயர். ஒரு கம்பி, ஒரு முனையில் கொக்கி, கம்பியின் மேல் நகர்த்தக்கூடிய ஒரே ஒரு குண்டு. படிக்கற்களைச் சுமக்கத் தேவையில்லை என்பதால் நடந்து விற்பவருக்கு ஏற்ற கருவி. நம் பழைய சந்தைகளில் வெள்ளிக்கோல் என்று சொன்னார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

தேன் ஏமாற்றும் எடை கொண்டது. ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ. பத்து லிட்டர் பாத்திரம் என்றால் 14 கிலோ, பாத்திரத்தின் எடை தனி. அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி, 'இன்றைக்கு வேண்டாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு நாலு மாடி இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அளவுகளிலும் ஒரு வேடிக்கை. ஸ்பெயினில் மீட்டர், கிலோ முறைக்கான சட்டம் 1849இலேயே வந்துவிட்டது. நடைமுறையில் கட்டாயமாக 1880 ஆனது. அதற்கப்புறமும் கிராமத்துப் பேச்சில் லிப்ராவும் (சுமார் 460 கிராம்) அர்ரோபாவும் (25 லிப்ரா, அதாவது பதினொன்றரைக் கிலோ) சாகவில்லை.

தேனோடு சீஸும் கொண்டுவருவார்கள். ஒரு வீட்டில் தேன் வேண்டாம் என்றால் சீஸாவது போகும். இரண்டையும் சேர்த்துத் தின்பது ஸ்பெயினில் பழைய ருசியும்கூட. ஆகவே தேனும் சீஸும் ஒரே தோளில் வந்ததில் வியாபாரக் கணக்கும் நாக்கின் கணக்கும் ஒன்றாகவே பொருந்திப்போயின.

தெருவில் எப்படிக் கூவுவார்?

'மியெல் தே லா அல்கர்ரியா, மியெல்!' என்பது மாட்ரிட்டின் பழைய ஆட்கள் நினைவில் வைத்திருக்கும் கூவல். 'அல்கர்ரியாத் தேன், தேன்!' அவ்வளவுதான். சிலர் 'அருமையான' என்ற சொல்லை முன்னால் போட்டு இழுப்பார்கள்.

கூவலில் விலை இல்லை, உடம்புக்கு நல்லது என்ற விளம்பரமும் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாம் மாடியில் சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கேட்க வேண்டும், கேட்டவுடனே புரிய வேண்டும். வேறெதற்கும் நேரம் கிடையாது. நூறு வார்த்தையில் விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஸ்பெயின் தெருக்களில் இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஒலி இருந்தது. சாணை பிடிப்பவர் கூவவே மாட்டார். பல குழல் சேர்ந்த சின்ன ஊதுகுழலை மேலும் கீழுமாக ஒரு இழுப்பு இழுப்பார். அந்தச் சத்தம் இன்றும் சில நகரங்களில் கேட்கிறது, பெரும்பாலும் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து. மெலேரோவின் குரல் அந்தப் பதிவுக் கருவிக் காலம்வரை நீடிக்கவில்லை.

வருஷம் முழுக்க விற்பார்களா?

குளிர்மாதங்கள்தான் முக்கியமான பருவம். கோடையின் கடைசியில் கூடுகளிலிருந்து தேன் எடுத்து முடியும், அறுவடை வேலையும் ஓயும். அதற்கப்புறம் கிளம்புவார்கள். தேனுக்கும் அப்போதுதான் கிராக்கி: இருமல், தொண்டைக்கட்டு, கிறிஸ்துமஸ் பலகாரம். வெயில் ஏறும்போது வயல் கூப்பிடும், திரும்பிவிடுவார்கள்.

மாட்ரிட் மட்டுமல்ல, வடக்கே தொலைதூர நகரங்கள்வரை போனவர்கள் உண்டு. பழைய நாளில் நடையும் கழுதையும் கோவேறு கழுதையும். மாட்ரிட்–குவாதலஹாரா ரயில் 1859இல் ஓடத் தொடங்கியதும் பயணம் சுருங்கியது. பெரிய கொள்கலன்களை ரயிலில் ஏற்றி ஒரு சத்திரத்தில் இறக்கி வைத்துவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டு தெருவுக்குப் போவது சாத்தியமாயிற்று.

நகர வாசலில் ஒரு தொல்லை காத்திருக்கும். ஊருக்குள் வரும் உணவுப் பொருள்களுக்கு நுழைவு வரி வசூலிக்கும் சாவடிகள் ஸ்பெயின் நகரங்களின் விளிம்பில் இருந்தன. மக்கள் இந்த வரியை அடியோடு வெறுத்தார்கள், கலவரங்கள்கூட நடந்தன. 1911இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. இருந்தாலும் ஏதாவது ஒரு பெயரில் இந்தச் சாவடிகள் பல ஊர்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுவரை உட்கார்ந்திருந்தன.

அவர் விற்றது எல்லாமே அல்கர்ரியாத் தேன்தானா?

நியாயமான சந்தேகம். ஒரு சின்ன கிராமத்தின் கூடுகளால் ஒரு தலைநகரத்துக்கே தேன் ஊற்ற முடியாது. மெலேரோ வியாபாரி என்பதால் பக்கத்து ஊர்களிலும், தேவைப்பட்டால் தூரத்திலும் வாங்கித்தான் விற்பார். கூவலில் ஊர் மாறாது, பானைக்குள் மாறியிருக்கலாம்.

இதை மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனமில்லை. வாடிக்கையாளர் நம்பியது வரைபடத்தை அல்ல, ஆளை. போன குளிர்காலம் வந்த அதே ஆள் இந்தக் குளிர்காலமும் அதே கதவைத் தட்ட வேண்டும். மோசமான சரக்கைக் கொடுத்தால் அந்தத் தெருவே போச்சு. அப்பா பிடித்து வைத்த தெரு என்றால் குடும்பச் சொத்தே போச்சு. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில் இந்தப் பயம் ஓரளவு காவல் காத்தது. ஓரளவுதான். ஒரு தடவை மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் ஆளிடம் இந்தக் காவல் செல்லாது. பேர்போன ஊரின் உடையை மாட்டிக்கொண்டு, அந்த ஊர் மண்ணையே மிதிக்காதவர்களும் தெருவில் நிற்கத்தான் செய்வார்கள்.

தேன் உறைந்திருந்தால் சர்க்கரை கலந்தது என்று அர்த்தமா?

இல்லை. இந்தத் தப்பெண்ணம் ஸ்பெயினிலும் உண்டு, இங்கேயும் உண்டு. தேனில் முக்கியமாக இருப்பவை ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள். குளுக்கோஸ் அதிகமான தேன் சீக்கிரம் உறையும். சுமார் 14 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர் அதற்கு ரொம்பப் பிடித்தமானது. ரோஸ்மேரித் தேன் குளிர்காலத்தில் உறையவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

டிசம்பர் மாட்ரிட்டில் மெலேரோவின் பாத்திரத்தில் இருந்ததும் நூலாக ஒழுகும் தங்க நிறத் திரவமாக இருந்திருக்காது. மங்கலான, கெட்டியான கூழ். கரண்டியால் வழித்துத்தான் போட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலும் சூப்பர் மார்க்கெட் விளக்கும் வந்தபிறகுதான், தேன் பளபளவென்று ஒழுகினால் நல்லது என்ற நினைப்பு வேரூன்றியது. அந்தப் பளபளப்புக்காகத் தேனைச் சூடாக்குகிறார்கள். அதில் மணம் கொஞ்சம் போய்விடுகிறது.

தண்ணீரில் விட்டால் கரைகிறதா, தீக்குச்சியில் தடவினால் எரிகிறதா என்ற வீட்டுச் சோதனைகளை நம்பாதீர்கள். இன்றைய கலப்படப் பாகு இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடும்.

சர்க்கரை கிடைத்த பிறகும் ஏன் தேன் வாங்கினார்கள்?

ஸ்பெயினுக்குச் சர்க்கரை புதிதல்ல. அரபுகள் காலத்திலேயே தெற்கே கிரானடா கடற்கரையில் கரும்பு விளைந்தது. ஆனால் ரொம்ப நாளைக்கு அது பணக்காரர் வீட்டுப் பொருள். ஏழை வீட்டின் இனிப்பு தேனும், திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய அர்ரோப்பே என்ற பாகும்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் வந்தன. 1898இல் கியூபா கைவிட்டுப் போனதும், அங்கிருந்து வந்த சர்க்கரைக்கு ஈடாக உள்நாட்டு ஆலைகள் பெருகின. அதோடு தேன் அன்றாட இனிப்பு என்ற இடத்தை இழந்தது. மருந்து, விசேஷப் பலகாரம் என்ற இரண்டு அலமாரிகளுக்குள் ஒதுங்கியது.

அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. போர் முடிந்த 1939இல் ரேஷன் அட்டை வந்து 1952வரை நீடித்தது. சர்க்கரை, எண்ணெய், ரொட்டி எல்லாமே அளந்துதான். கள்ளச்சந்தை கொடிகட்டிப் பறந்தது. சர்க்கரை அளந்து கிடைக்கும் வீட்டில் தேன் பானை வாசலுக்கு வந்தால் என்ன மதிப்பு இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்று எண்பது தாண்டிய ஸ்பெயின்காரர்கள் பலருக்கு மெலேரோவின் நினைவு பசியின் நினைவோடு ஒட்டியே வருகிறது. சுற்றுலாக் கையேடுகள் அந்தப் பாதியை விட்டுவிட்டு, வட்டத் தொப்பியையும் கூவலையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

ஸ்பெயின் சமையலில் தேன் எங்கெல்லாம் வருகிறது?

கிறிஸ்துமஸுக்குத் துர்ரோன். வறுத்த பாதாமையும் தேனையும் சேர்த்துக் கிண்டி, முட்டை வெள்ளைக்கரு விட்டு வில்லையாக்குவது. அலிகாந்தே மாகாணத்தின் ஹிஹோனா ஊர் இதற்குப் பேர்போனது. அந்த ஊர்க்காரர்களும் பருவ வியாபாரிகள்தான்: குளிர்காலத்தில் நகரங்களில் வீட்டு வாசல்களை வாடகைக்குப் பிடித்துத் துர்ரோன் விற்பார்கள், கோடையில் ஐஸ்கிரீமுக்கு மாறிவிடுவார்கள். மாட்ரிட்டில் 1842இல் தொடங்கிய ஒரு துர்ரோன் கடை இப்படி ஹிஹோனாவிலிருந்து வந்தவர் வைத்தது. இன்றும் டிசம்பரில் அதன் வாசலில் வரிசை நிற்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தொர்ரிஹா: பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்து, மேலே தேன் அல்லது சர்க்கரை. தெற்கே அந்தலூசியாவில் பெஸ்தின்யோ என்ற, எண்ணெயில் பொரித்துத் தேன் பூசிய பலகாரம். குவென்காவில் அலாஹு, தேனும் பாதாமும் ரொட்டித் தூளும் சேர்த்து இரண்டு அப்பளம் போன்ற தகடுகளுக்கு நடுவே அழுத்தியது. பெயரிலேயே அரபுக் காலம் தெரியும். கத்தலூனியாவில் புதுப் பாலாடைக்கட்டிமேல் தேன் ஊற்றிச் சாப்பிடுவார்கள், உணவு முடிவில். சமைக்கவே வேண்டாம்.

கத்தரிக்காய்மேல் ஊற்றும் 'கரும்புத் தேன்' தேனா?

இல்லை. கோர்தோபா, மாலகா பக்கம் உணவகங்களில் பொரித்த கத்தரிக்காய்மேல் கருப்பாக ஊற்றித் தருவது கரும்புச் சாற்றைக் காய்ச்சிய பாகு. மாலகா மாகாணத்து ஃப்ரிஹிலியானாவில் இதைக் காய்ச்சும் ஆலை இன்னும் ஓடுகிறது. கனாரித் தீவுகளில் லா கோமேராவில் 'பனைத் தேன்' விற்பார்கள். அது அங்குள்ள ஒருவகை ஈச்சமரத்தின் சாற்றை இறக்கிக் காய்ச்சியது. பதநீர் காய்ச்சிய கைகளுக்கு அந்த வேலையைச் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டுமே சுவையானவை. தேனீக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

அல்கர்ரியாவைத் தவிர வேறு எங்கும் தெருத் தேன் வியாபாரம் இருந்ததா?

இருந்தது. வலென்சியாப் பகுதியில் பெனிகானிம் ஊர்க்காரர்கள் திராட்சைப் பாகில் பூசணித் துண்டுகளை ஊறவைத்துக் கழுதைமேல் ஏற்றி ஊர் ஊராக விற்றார்கள். கூடவே தேன். மேற்கே, போர்ச்சுகல் எல்லைப்பக்கம் லாஸ் ஊர்தேஸ் மலைப்பகுதி. ஒரு காலத்தில் வறுமைக்கே பெயர் போன இடம், அங்கும் தேன்தான் வெளியே காசாகும் பொருளாக இருந்தது. பூக்களைத் தேடிக் கூடுகளையே கழுதைகளில் கட்டி இடம்விட்டு இடம் கொண்டுபோவார்கள். இன்று அதையே லாரியில் செய்கிறார்கள், ராத்திரியில், தேனீக்கள் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து.

வடக்கே அஸ்தூரியாஸில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வாங்குபவருக்கு முன்னால் கரடி வந்துவிடும். அதனால் கூடுகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வட்டமாகக் கல்சுவர் எழுப்பினார்கள். மலைச் சரிவுகளில் அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

ஸ்பெயினில் தேனுக்கு எவ்வளவு நாள் வரலாறு?

வலென்சியா மாகாணம் பிகோர்ப் ஊருக்குப் பக்கத்தில் 'சிலந்திக் குகைகள்' இருக்கின்றன. அங்கே பாறையில் ஓர் ஓவியம்: கயிறுபோலத் தொங்கும் ஒன்றில் ஓர் ஆள் ஏறி நிற்கிறார், கையில் கூடை, எதிரே பொந்து, சுற்றிலும் தேனீக்கள். பல ஆயிரம் ஆண்டுப் பழமை, சுமார் 8000 ஆண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தேன் எடுக்கும் காட்சி என்றால் உலகமெங்கும் புத்தகங்களில் அச்சாகும் படம் இதுதான். 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மத்தியதரைக் கடலோரப் பாறை ஓவியங்களில் இதுவும் அடக்கம்.

பேச்சு வழக்கில் தேன் எப்படி வருகிறது?

நிறைய. நல்லதுக்கு மேல் நல்லது நடந்தால் 'பலகாரத்தின்மேல் தேன்' என்பார்கள். கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனால் 'உதட்டில் தேனோடு விட்டுவிட்டான்'. 'கழுதை வாய்க்கென்று தேன் உண்டாகவில்லை' என்றும் ஒன்று உண்டு. கற்பூர வாசனை தெரியாத நம்மூர்க் கழுதைக்கு அங்கே ஒரு பங்காளி.

மெலேரோ ஏன் மறைந்துபோனார்?

ஒரே நாளில் யாரும் நிறுத்தவில்லை. 1950கள், 60களில் ஸ்பெயினின் கிராமங்கள் காலியாகத் தொடங்கின. அல்கர்ரியா இளைஞர்கள் மாட்ரிட் போனார்கள், தேன் பானை இல்லாமல், தொழிற்சாலை வேலைக்கு. குளிர்காலம் முழுக்கச் சத்திரத்தில் படுத்து மாடிப்படி ஏறுவதைவிட மாதச் சம்பளம் மேல் என்று நினைத்ததில் என்ன தப்பு?

நகரமும் மாறிவிட்டது. பெரிய அடுக்குமாடிகள் வந்தன. வாசலில் பொத்தான் அழுத்திப் பேசும் கருவி வைத்தார்கள். தெருவில் கூவினால் எட்டாம் மாடிக்குக் கேட்காது, கார் சத்தத்தில் இரண்டாம் மாடிக்கே கேட்காது. சூப்பர் மார்க்கெட்டில் தேன் பாட்டிலாக வந்து உட்கார்ந்துவிட்டது. திறந்த பாத்திரத்திலிருந்து உணவுப் பொருளை அளந்து விற்பதற்குச் சுகாதார விதிகள் இறுகின. தெரு வியாபாரத்துக்கு நகராட்சி அனுமதி கட்டாயம்.

1985இல் வர்ரோவா என்ற ஒட்டுண்ணி ஸ்பெயினின் கூடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து போடாமல் கூட்டைக் காப்பாற்ற முடியாது என்று ஆனதும், வீட்டுக் கொல்லையில் நாலு கூடு வைத்திருந்தவர்கள் கைவிட்டார்கள். தேனீ வளர்ப்பு முழுநேரத் தொழிலாக மாறியது. ஸ்பெயினில் இப்போது சுமார் 30 லட்சம் கூடுகள், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. ஆக, தேன் குறையவில்லை. அதைத் தோளில் சுமந்தவருக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று. பென்யல்வேர்க் குடும்பங்களில் சில, பானையை விட்டுப் பாட்டிலுக்கு மாறி இன்னும் தேன் தொழிலிலேயே இருக்கின்றன.

'எடைக்கு எடை தேன்' என்று ஒரு பரிசு இருக்கிறதாமே?

பென்யல்வேரின் வழக்கம் அது. நாடறிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டு, தராசில் உட்காரவைத்து, அவர் எடைக்குச் சமமாக அல்கர்ரியாத் தேனைப் பரிசாகக் கொடுப்பார்கள். காசு கொடுத்து விளம்பரம் செய்ய முடியாத கிராமம், பிரபலங்களைத் தன் தராசுக்கே வரவழைத்துவிடுகிறது. எழுபது கிலோ ஆளுக்கு எழுபது கிலோ தேன். சிலை வைத்ததைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. மெலேரோ செய்த வேலையே இதுவும்: ஊர்ப்பெயரை நாலு பேர் காதில் போடுவது.

இப்போது ஸ்பெயின் போனால் தெருவில் தேன் விற்பவரைப் பார்க்க முடியுமா?

பழைய கோலத்தில் பார்க்க வேண்டுமென்றால் திருவிழாக்களில்தான். தொப்பியும் சட்டையும் போட்டு, பானையோடு நிற்பார்கள். நடிப்பு என்று சொல்லிவிடலாம், ஆனால் நிற்பவருடைய தாத்தா நிஜமாகவே விற்றிருக்கக்கூடும்.

சந்தைகள் உயிரோடு இருக்கின்றன. அல்கர்ரியா ஊரான பஸ்த்ரானாவில் மார்ச் வாக்கில் தேனீ வளர்ப்புச் சந்தை கூடும். வியாபாரிகளும் கருவி விற்பவர்களும் தேன் ருசி பார்ப்பவர்களும் குவிவார்கள். பென்யல்வேருக்குப் பக்கத்து ஊரான தெந்தியாவில், தூண் வைத்த நடைக்கூடங்கள் ஓடும் பழைய தெருவில் பிப்ரவரி கடைசியில் சந்தை. வலென்சியாப் பக்கம் அயோராவில் தேன் எடுப்பையே விழாவாக்கியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் பார்சிலோனாவின் சான் போன்ஸ் சந்தையைச் சொல்வேன். மூலிகை விற்பவர்களுக்கும் தேனீ வளர்ப்பவர்களுக்கும் காவலான புனிதரின் நாள், மே 11. ராவால் பகுதியின் ஆஸ்பத்திரித் தெரு முழுக்க அன்று தேன், மூலிகைக் கட்டு, சர்க்கரையில் ஊறிய பழங்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. சுற்றுலாவுக்காக ஜோடித்தது இல்லை, பாட்டிகள் கைப்பையோடு வந்து பேரம் பேசி வாங்கிப் போவார்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லேபிளை. அல்கர்ரியாத் தேனுக்கு 1992இல் சட்டம் பாதுகாக்கும் பூர்விகப் பெயர் கிடைத்தது. நம் புவிசார் குறியீட்டுக்கு இணையான ஏற்பாடு. குறிப்பிட்ட எல்லைக்குள் எடுத்து, சோதித்து, எண்ணிட்ட முத்திரையோடு வந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். கிரானடா, தெனெரீஃபே, லியேபனா, வியுவெர்காஸ்–இபோரெஸ், கலீசியா தேன்களுக்கும் இப்படிப் பாதுகாப்பு உண்டு.

முத்திரை இல்லாத மலிவுப் பாட்டிலில்தான் தலைவலி. ஐரோப்பிய ஆணையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320இல் 147, அதாவது 46 சதவீதம், கலப்படச் சந்தேகத்துக்குள் வந்தன. பல நாட்டுத் தேன்களைக் கலந்துவிட்டு, 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளும் வெளியும் உள்ள தேன்களின் கலவை' என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தப்பித்துவந்தார்கள். ஸ்பெயின் 2020 டிசம்பரிலிருந்து நாடுகளின் பெயரைத் தனித்தனியாகப் போடச் சொல்லிவிட்டது. 2024இல் வந்த ஐரோப்பிய விதி இன்னும் ஒருபடி மேலே போகிறது: எந்த நாட்டுத் தேன் எத்தனை சதவீதம் என்று, அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும். அமலாகும் நாள் 2026 ஜூன் 14. பாட்டிலைத் திருப்பி அந்த வரியைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் தேன்கூட்டுப் படத்துக்கு எந்தச் சட்டப் பொறுப்பும் இல்லை.